ரெண்டு குச்சிப் படம்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் துளசிராம் தியேட்டர் சுவருக்கு எதிரே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்பார். பசை காயாத போஸ்டரில் அவர் படத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. இங்கிலீஷ் பெயரைப் படிக்க அவருக்குத் தெரியாது. பெயருக்குப் பின்னால் நிற்கும் கோடுகளைத்தான் தேடுவார். கோடே இல்லையென்றால் அது முதல் படம். இரண்டு கோடு நின்றால் ரெண்டு குச்சி, மூன்று நின்றால் மூணு குச்சி. நாலாவது படத்துக்குக் குச்சியை ஒட்டி ஒரு கவட்டை வரும். ஐந்தாவதுக்குக் கவட்டை மட்டும். காலேஜ் படித்தவர்களே ரோமன் எண்ணில் ஒரு நிமிஷம் விழிப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு சாயத்தொட்டிக்கு வந்துவிட்ட துளசிராம் விழித்ததில்லை.

அவருக்கு நாற்பத்தொரு வயது. மதுரையில் கிருஷ்ணராயர் தெப்பக்குளத்துப் பக்கம் அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பொதுவான சாயப்பட்டறை. இவர் மூன்றாமவர். சுங்குடிச் சேலைக்குச் சிவப்பு ஏற்றுவது இவர் வேலை. முழங்கை வரைக்கும் ஏறிய சிவப்பு தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் இறங்காது. ஒருமுறை தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்தவர், லைட் அணைகிற நேரத்தில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். அதைத் துளசிராமே சொல்லிச் சிரிப்பார். பூணூல் போட்டவர். முட்டை வாசனைகூட ஆகாது. தெருவில் அடிபட்ட நாய் கிடந்தால் சைக்கிளைச் சுற்றுவழியில் விடுகிற மனிதர்.

அவர் உயிரை வைத்திருப்பது லாந்தர்க்காரன் படங்கள் மேல். லாந்தர்க்காரன் ஊர் பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரன். ஒரு கையில் லாந்தர் விளக்கு, மறு கையில் வளைந்த கத்தி. அவன் ஓடமாட்டான். ஓடுகிறவர்களை நடந்தே பிடிப்பான். விளக்கை ஊதி அணைத்தானென்றால் ஓர் ஆள் முடிந்தது. ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் எரிந்தோ, மூழ்கியோ, ரயிலில் அரைபட்டோ சாவான். அடுத்த படத்தில் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

சாயம் ஏற்றிய சேலைகளை வைகை மணலில் விரித்தால் காய்வதற்கு மூன்று மணி நேரம். காலைக்காட்சியும் அதே மூன்று மணி நேரம். இந்தப் பொருத்தம் தெய்வ சங்கற்பம் என்பது அவர் கட்சி. மழை நாளில் சேலையும் கிடையாது, படமும் கிடையாது. அன்றைக்குப் பட்டறையில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

தியேட்டரில் நடு வரிசையில் ஏழெட்டுப் பேர் அவருக்காக இடம் போட்டு வைத்திருப்பார்கள். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. துளசிராமுக்கும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் எவன் என்ன பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தணிந்த குரலில் கதை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குரலுக்காகவே டவுன் பஸ் கண்டக்டர் மலையாண்டி பழங்காநத்தம் டிரிப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார்.

பக்கத்து ஸீட் மருதுவுக்கு. கீழவாசலில் கறிக்கடை வைத்திருக்கிறவன், ஆறடி ஆள். லாந்தர் வெளிச்சம் திரையின் ஓரத்தில் தெரிந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துளசிராமின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். படத்தில் பாதியை அவன் காதால்தான் பார்த்திருக்கிறான்.

“வெட்டிட்டானாண்ணே?”

“இன்னும் இல்ல. கதவுகிட்ட நிக்கிறான்.”

“எந்தக் கதவு?”

“ஒனக்குப் பின்னால இருக்கே, அந்தக் கதவு.”

விடிந்தால் ரெண்டு ஆடு உரிக்கிறவனுக்கு இது என்ன பயம் என்று வரிசையே கிண்டல் செய்யும். மருது ஒரே பதில்தான் வைத்திருக்கிறான். “நான் வெட்டுறது ஆட்டண்ணே. இது யாரு பெத்த புள்ளையோ.”

துளசிராம் கண்ணை மூடுகிறவர் இல்லை. அவர் பார்ப்பது நிறத்தை. முதல் படத்தின் ரத்தத்தைப் பற்றி அவருக்கு இன்றும் மனக்குறை உண்டு. “ரெத்தம்னா காயக் காயக் கறுக்கணும். இவிய்ங்க கடைசி ரீல் வரைக்கும் ஒரே செவப்புல வச்சிருக்காய்ங்க. மூணு குச்சியில நல்ல சாயக்காரனாப் புடிச்சுப் போட்டுருக்காய்ங்க, சட்டையில பாத்தாலே தெரியுது.” லாந்தர்க்காரனைப் பார்த்துத் தமிழில் ஒன்று எடுத்தார்கள். அதில் அவன் மலையடிவாரத்தில் டூயட் பாடினான். ஊரே சிரித்தது. துளசிராம் அதையும் மூன்று தடவை பார்த்தார். விளக்கைப் பிடிக்கிற கையில் குற்றமில்லை என்றார்.

அதே கதையை எத்தனை தடவைதான் பார்ப்பீர்கள் என்று பட்டறைக்குச் சேலை எடுக்க வந்த ஒரு வாத்தியார் கேட்டார். அப்போது துளசிராம் தொட்டியில் துணியை முக்கிக்கொண்டிருந்தார். “ஒரு முக்குல செவப்பு ஏறாது சார். நாலு முக்கு முக்கணும். பாக்குறவுகளுக்கு அதே தொட்டி, அதே துணிதான். ஒவ்வொரு முக்குக்கும் நெறம் வேற.” துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “செத்தவன் திரும்பி வருவான்னு தெரிஞ்சுதான் போறோம். வராமப் போயிட்டான்னாத்தான் பயமா இருக்கும்.”

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஓர் ஓட்டை இருந்தது. எண்பத்திரண்டில் முதல் படம் மதுரைக்கு வந்தது. எண்பத்துநாலில் மூணு குச்சி வந்தது. ரெண்டு குச்சி வரவே இல்லை. எங்கே நின்றுபோனதோ, அந்தப் படப்பெட்டி வைகையைத் தாண்டவில்லை. மூணு குச்சி தொடங்கும்போதே லாந்தர்க்காரனுக்கு இடது காது கிடையாது. முதல் படத்தில் தப்பித்த பெண்ணுக்குத் தலை பூராவும் நரைத்திருந்தது. காது எப்படிப் போனது, முடி ஏன் வெளுத்தது என்று வரிசை அவரைக் கேட்டது. முதல் தடவையாகத் துளசிராமிடம் பதில் இல்லை.

அடுத்த மாதம் சாயப்பொடி வாங்க மெட்ராஸ் போய் வந்தார். திரும்பி வந்த அன்று டீக்கடையில் மருது கேட்டான், “அங்கிட்டு ரெண்டு குச்சி ஓடுதாமே. பாத்தியாண்ணே?” துளசிராம் டீயை ஆற்றிக்கொண்டே, “பாத்தேன், ரெண்டு தடவ” என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வரிசை பெஞ்சில் கூடி உட்கார்ந்துவிட்டது. கதை சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவருடைய ரெண்டு குச்சியில் அந்த வெள்ளைக்காரர் ஊரில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. முதல் படத்துப் பெண் காலித் தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறாள். மேலே கொடி கொடியாக ஈரத்துணி தொங்குகிறது. துணிகளுக்கு அந்தப் பக்கம் லாந்தர் நடந்து வருகிறது. வெளிச்சம் சிவப்பாகிறது, பச்சையாகிறது, மஞ்சளாகிறது. கடைசியில் ஒரு கறுப்புத் துணி. அதற்குப் பின்னால் வெளிச்சம் போனதும் ஒன்றும் தெரியவில்லை. அவள் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பில்தான் அவள் முடி வெளுக்கிறது. பிறகு கொதிக்கும் சாயத்தை மொண்டு ஊற்றுகிறாள். காது போகிறது. கறுப்புத் துணி வரும்போது மருது டீக்கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அந்தக் கதையைத் திரும்பச் சொல்லாத வாரம் இல்லை. மலையாண்டி அதை டிரைவர்களுக்குச் சொன்னார். மருது கடைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னான். தினமும் வருகிற பஸ்ஸைப் போல அது ஊரில் ஓடிக்கொண்டிருந்தது.

உண்மை தெரிந்தவர் ஒருவர்தான், அவர் மனைவி அலர்மேல்மங்கை. மெட்ராஸில் இருந்த இரண்டு நாளும் துளசிராம் வயிற்றுப்போக்கில் அவள் அண்ணன் வீட்டுப் பாயை விட்டு எழவில்லை. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். சாயம் ஏறாத புள்ளிகளுக்காகச் சேலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே அவள் எப்போதாவது அந்த மொழியில், நேற்றுக் கதையில் புதிதாக ஒரு ஆள் செத்தானாமே என்று கேட்பாள். துளசிராம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். சாயம் நிற்காது என்றால் நிற்காது என்று வாங்க வந்தவரிடமே சொல்லி அண்ணன்மாரிடம் திட்டு வாங்குகிறவர். பட்டறையில் அவர் பேச்சு எடுபடாது. நாலு பேர் கூடி முடிவெடுக்கும்போது மூன்று பேர்தான் பேசுவார்கள். அந்த நடு வரிசை ஒன்றில்தான் அவர் சொன்னால் சொன்னது. அங்கேயும் அவர் சொன்ன பொய் உட்கார்ந்திருந்தது.

போன மாதம் தியேட்டர் மானேஜர் வீரணன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். இங்கிலீஷ் படம் எது ஓடும் என்று துளசிராமிடம் கேட்பது அவர் வழக்கம். ஒரு வாரக் காலைக்காட்சிக்கு இரண்டு பெட்டி தயாராக இருந்தது. ஒன்று கராத்தே படம். இன்னொன்று ரெண்டு குச்சி. பழைய பிரிண்டு, திரை முழுக்கக் கோடு விழுந்து மழை பெய்யும் என்றார். “நீங்க ரெண்டு தடவ பாத்தவரு. சொல்லுங்கண்ணே, எதப் போட?”

நாளைக்குச் சொல்வதாக வந்துவிட்டார். அன்று மத்தியானம் மனைவியிடம் சொன்னார். ஓடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டி வந்த வழியே போய்விடும், உங்கள் கதையும் பிழைத்துக்கொள்ளும் என்றாள் அலர்மேல்மங்கை. அதில் தப்பில்லை. துளசிராமும் அதைத்தான் யோசித்திருந்தார். ஆனால் அந்தப் பெட்டி திரும்பிப் போனால் இன்னொரு தடவை வராது. காது எப்படிப் போனது என்று ஊரில் தெரியாத ஒரே ஆளாக அவர் செத்துப்போவார்.

மறுநாள் மானேஜர் அறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ரெண்டு குச்சியப் போடுங்க” என்றார்.

“ஓடுமா?”

“அது எனக்குத் தெரியாது. போடுங்க.”

வெள்ளிக்கிழமை வரிசை நிரம்பியிருந்தது. மலையாண்டி இரண்டு டிரைவர்களைக் கூட்டி வந்திருந்தார், கறுப்புத் துணியைப் பார்க்க. படம் தொடங்கியது. ஒரே பனி. மலை மேல் ஒரு பெரிய ஹோட்டல், சமையல்காரர்கள், ஒரு நாய். சாயப்பட்டறையைக் காணோம். தொட்டியும் இல்லை, கொடியில் துணியும் இல்லை. துளசிராமின் குரல் எழும்பவில்லை. அரைமணி நேரம் கழித்து, கண்ணை மூடியிருந்த மருது கேட்டான், “பட்டற வந்துருச்சாண்ணே?” இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நாய் லாந்தர்க்காரனின் காதைக் கடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் காது போன கதை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நடு வரிசையில் ஏழு தலைகளும் துளசிராமை நோக்கித் திரும்பின.

இடைவேளை விளக்கு எரிந்ததும் அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மலையாண்டி டிரைவர்களிடம் கோபமாகப் பேச ஆரம்பித்திருந்தார். “நம்ம ஊருக்குன்னா கழிச்சுக் கட்டித்தான் அனுப்புவாய்ங்க. பட்டறையப் பூராம் வெட்டிப்புட்டு நாயக் கொண்டாந்து ஒட்டிருக்காய்ங்க. அண்ணன் மெட்ராசுல பாத்ததுதான் முழுப்படம்.” வரிசை ஆமாம் ஆமாம் என்றது. மருது முறுக்கை உடைத்துப் பாதியை அவர் கையில் வைத்தான். அவர் பெயர் பிழைத்துவிட்டது. இனி அவர் செய்ய வேண்டியது பேசாமல் இருப்பதுதான்.

விளக்கு அணைந்தது. நரைக்காத முடியோடு அந்தப் பெண் ஹோட்டலில் ஒவ்வோர் அறையாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். எங்கும் சத்தமில்லை. கடைசி அறையில் துணி அலமாரியைத் திறந்தாள். ஒன்றுமில்லை. மூடினாள். திரும்பினாள். கட்டிலில் போர்வைக்கு அடியில் மெதுவாக ஒரு வெளிச்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

துளசிராம் இரண்டு காலையும் ஸீட்டின் மேல் தூக்கி, தாய்மொழியில் தன் அம்மாவைக் கூப்பிட்டு அலறினார். கையிலிருந்த முறுக்கு முன்வரிசையில் போய் விழுந்தது. அவரோடு பல வருஷமாகப் படம் பார்க்கிறவர்கள் அவர்கள். இரண்டாம் தடவை பார்க்கும் படத்தில் துளசிராம் கல்லைப் போல உட்கார்ந்திருப்பார். முதல் தடவை பார்க்கும்போது மட்டும்தான் இந்த அலறல் வரும். வரிசையில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை.

மருது கண்ணைத் திறந்தான். அவர் பக்கம் குனிந்து, “அண்ணே, நீ இந்தப் படத்தப் பாத்ததே...” என்று தொடங்கினான்.

திரையில் போர்வை எழுந்து நின்றது. கண்ணை அதிலிருந்து எடுக்காமலே துளசிராம் கையை நீட்டித் துழாவி, மருதுவின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினார்.