வீட்டுப் பெயர் இல்லாதவர்களுக்குப் புஷ்பம் எழுதிய வரி

புஷ்பம் போய்விட்டாள் என்ற செய்தி, கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒன்றாக வேலை பார்த்த நம் மெயில் குழுவுக்குத் திங்கட்கிழமை வந்தது. எழுதியவர் பழைய மேனேஜர். மஞ்சள் காமாலை, முப்பத்தொரு வயது, ‘யாரோடும் முரண்படாத அமைதியான பெண்’ என்று மூன்றே வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முரண்பட்டாள் என்றுதானே அவளை வெளியே அனுப்பினார்கள்?

அந்த வீட்டுத் திட்ட வெப்சைட் உங்களுக்கு நினைவிருக்கும். வீடு கேட்டு விண்ணப்பித்தவர்களின் பட்டியலை ஒரு தொண்டு நிறுவனத்துக்காகச் செய்தோம். கேரளத்தில் எந்தப் படிவமானாலும் வீட்டுப் பெயர் கேட்பார்கள். சிலருக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மறைத்துவிடு என்றார் மேனேஜர். டெம்ப்ளேட்டில் ஒரு இஃப் போட்டேன்: வீட்டுப் பெயர் இருந்தால் காட்டு. அதை அந்த ஒரு கட்டத்துக்குப் போடாமல் முழு வரிக்கும் போட்டுத் தொலைத்தேன். வீட்டுப் பெயர் இல்லாதவர்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போனார்கள்.

கண்டுபிடித்தவள் புஷ்பம். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். லயத்தில் எண் உண்டு, வீட்டுப் பெயர் ஏது?

“எங்க லயத்து ஆளு ஒருத்தர் பேரும் இதுல காணேல. வீட்டுப் பேரு இல்லாத்த ஆளுதானே சாரே வீடு கேக்கும்?” என்று மேனேஜரிடமே கேட்டாள்.

“கிளையன்ட் ஒந்நும் பறஞ்சில்லல்லோ. அடுத்த ரிலீசில் நோக்காம்” என்றார் அவர்; தொண்டு நிறுவனமே ஒன்றும் சொல்லவில்லையே, அடுத்த முறை மாற்றும்போது பார்க்கலாம் என்று. அடுத்த ரிலீஸ் ஒரு மாதம் கழித்து. அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தொண்டு நிறுவனம் நேர்காணலுக்கு ஆள் எடுப்பதோ அந்த வெள்ளிக்கிழமை.

புஷ்பம் மறுபடி யாரையும் கேட்கவில்லை. டெம்ப்ளேட்டைத் திறந்து, இஃபுக்குக் கீழே ‘இல்லாவிட்டால் இதைக் காட்டு’ என்று ஒரு எல்ஸ் சேர்த்து, நேரே லைவ் சைட்டில் ஏற்றினாள். வீட்டுப் பெயருக்குப் பதில் லயத்து எண்ணோடு போனக்காட்டு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். “இஃப் எழுதும்போ நமக்குத் தெரிஞ்ச ஆளுதான் கண்ணுல படும். மத்தவங்கள எல்ஸ்லதான் தேடணும்” என்றாள் என்னிடம்.

அனுமதியில்லாமல் லைவ் சைட்டைத் தொட்டதற்கு மெமோ வந்தது. பட்டியல் பிழையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். நான் பக்கத்து நாற்காலியில் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே மாதத்தில் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். போகிற அன்று, “உன்ன மிண்டாண்டாம்னு நான் சொல்லேல, கேட்டியா” என்றாள்; வாயைத் திறக்காதே என்று அவள் சொல்லவில்லைதான். அவ்வளவுதான்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். இஃப் எழுதினால் எல்ஸை எழுதாமல் எழுந்திருப்பதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. மேனேஜர் சாருக்கும் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்த மெமோவில் இருந்திருக்க வேண்டியது என் பெயர்.