ஆமைகள் இருந்த இடத்துக்கு நான் எழுதிய வழி

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதைப் படித்துவிட்டு யாருக்கும் காட்டாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நட்சத்திர ஆமை பார்க்கும் வழி பற்றி நான் போட்ட பதிவை யாராவது சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நான் அழித்துவிட்டேன். ஆனால் தாமதமாகத்தான் அழித்தேன்.

இது அண்ணனின் போன். காலை ஐந்தரைக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ் வரும், போனையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதற்குள் எழுதி முடிக்கவேண்டும். நான் இப்படி எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். என் அக்காவைப் பத்தாவதோடு நிறுத்தி செல்போன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். நான் இப்போது பத்தாவது.

எந்த பஸ், எத்தனை மணி, டிக்கெட் எவ்வளவு, எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பதைத்தான் நான் எப்போதும் எழுதுவேன். கைலாசகோனா அருவிக்குப் போனதை எழுதியபோது நாலு குடும்பங்கள் அதை வைத்தே போய்வந்ததாகச் சொன்னார்கள். அதனால் போன சனிக்கிழமை எங்கள் ஸ்டெல்லா டீச்சர் என்னையும் சேர்த்து மூன்று பெண்களை ஆமைக் கணக்கெடுப்புக்கு அழைத்துப் போனதையும் அப்படியே எழுதினேன். திருப்பதியில் ஆராய்ச்சி செய்யும் லாவண்யா அக்காவின் வேலை அது. புதர்க்காட்டில் ஆமைகள் எத்தனை, என்ன செடி தின்கின்றன, அவற்றின் எச்சத்தில் எந்த விதை முளைக்கிறது என்று பார்ப்பார். அன்று பதினோரு ஆமைகள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் சின்னதாக எண் எழுதினோம். எடை போட்டு, எடுத்த புதரடியிலேயே விட்டோம்.

லாவண்யா அக்காவின் நோட்டில் இடத்தின் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் 'பி-3' என்று மட்டும் இருந்தது. எழுத மறந்துவிட்டார் என்று நினைத்தேன். என் பதிவில் நான் மறக்கவில்லை. ரோட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த உடைந்த பாலம், எத்தனையாவது காரைப் புதர், எல்லாம் போட்டேன். மறுநாள் ஒருவர், 'சூப்பர் தங்கச்சி, எத்தனை மணிக்கு வெளியே வரும்?' என்று கேட்டார். மழை விட்டதும் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் என்று பதில் போட்டேன். நான் எந்த ஊர் என்றும் கேட்டார். புத்தூர், ரயில் கேட் தாண்டி இரண்டாவது தெரு என்று அதற்கும் பதில் போட்டேன்.

இன்று சனிக்கிழமை. இரண்டாவது கணக்கெடுப்பு. காலை 6.10க்குப் புத்தூரில் பாசஞ்சர் ரயில், டிக்கெட் பத்து ரூபாய். 7.20க்குத் திருப்பதி. ஸ்டேஷன் வெளியே இட்லி இருபது ரூபாய், சட்னி புளித்திருந்தது, வேறு கடை பாருங்கள். லாவண்யா அக்கா அங்கேயே வந்துவிட்டார். பிறகு பஸ். பஸ் இறங்கிய இடத்தில் போன வாரம் எங்களை ஏற்றிப்போன அதே முனிரத்தினம் ஆட்டோ, ஆளுக்கு இருபது.

"இன்னிக்கும் ஆமையா டீச்சர்? அது நடந்து வர்றதுக்குள்ள நான் திருப்பதிக்கு ரெண்டு ட்ரிப் அடிச்சிருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இதற்கு மேல் தூரம் எழுதமாட்டேன்.

வியாழன் ராத்திரி மழை பெய்திருந்ததால் மண் ஈரமாக இருந்தது. முதல் புதரடியில் ஆமை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது புதரடியில் அக்கா குனிந்து தரையைப் பார்த்தார். செருப்புத் தடம். இரண்டு பேருடையது. ரோட்டுப் பக்கத்திலிருந்து நேராக முதல் புதர், அங்கிருந்து நேராக இரண்டாவது, மூன்றாவது. எங்கேயும் சுற்றி அலைந்த தடமே இல்லை. நான் எழுதிய வரிசையில் நடந்திருந்தார்கள்.

"இவங்க தேடல, தெரிஞ்சே வந்திருக்காங்க" என்றார் அக்கா. எங்களைத் திரும்பிப் பார்த்து, "எவரிகைனா செப்பாரா? யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

மற்ற இரண்டு பெண்களும் உடனே இல்லை என்றார்கள். நானும் தலையாட்டினேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

பத்து மணி வரை தேடினோம். பதினொன்றில் இரண்டுதான் கிடைத்தன, நாலாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும். இரண்டும் நான் எழுதாத ஒரு கள்ளிப் புதருக்குள் இருந்தன. வேலிக்கருகில் ஒரு சாக்குப்பை கிடந்தது. அக்கா அதை மோந்து பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிடித்த ஆமைகள் மெட்ராஸ் போய், அங்கிருந்து துணி மூட்டைக்குள் வெளிநாட்டுக்குப் போகும், பாதி வழியிலேயே செத்துவிடும் என்று டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவில் முனிரத்தினம்தான் பேச்சை எடுத்தார். "நேத்து காலைல ரெண்டு பேரு மெட்ராஸ் வண்டில வந்தாங்கோ டீச்சர். ஒடஞ்ச பாலம் எங்க கீதுன்னு போனைக் காட்டி கேட்டாங்கோ. யாரோ பொண்ணு தமிழ்ல எழுதிக்கிது. என் ஆட்டோ சார்ஜ் இருபதுன்றது வரைக்கும் கரெக்டா போட்டுக்கிது! அத படிச்சுக்கினே போய்ட்டாங்கோ."

"எந்தப் பொண்ணு?" என்றார் டீச்சர்.

"பேரு போடல. ஆனா நல்லா எழுதுது டீச்சர், நமக்கு அவ்ளோ வராது."

இரண்டு கைகளையும் பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, அண்ணன் தூங்கியதும் போனைத் திறந்தேன். பதிவில் நேரம் கேட்ட அதே ஆள் மாலை 7.40க்கு எழுதியிருந்தார்: 'ரொம்ப தேங்க்ஸ் தங்கச்சி, வழி கரெக்ட். உங்க ஊர் பக்கம்தான் வர்றோம். இன்னொரு இடம் காட்டணும்.' அவர் எழுதியது எல்லாவற்றையும், அவர் வைத்திருந்த பெயரோடு, நோட்டில் காப்பி எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் பதிவை அழித்தேன். நாளை காலை 6.10 ரயிலில் நான் மட்டும் போய் லாவண்யா அக்காவிடம் நோட்டைக் கொடுப்பேன். படிப்பு போனாலும் போகட்டும். மீதி இருக்கிற இரண்டு ஆமைகளையாவது அவர் வேறு ஆட்களை வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு நீங்கள் போனால் தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், முள் குத்தாத செருப்பு எடுத்துப் போங்கள். போட்டோ எடுக்கும் முன் போனில் இடம் காட்டுவதை நிறுத்திவிடுங்கள். எத்தனை பார்த்தீர்கள் என்று எழுதலாம், எங்கே என்று எழுதாதீர்கள். நோட்டில் இடத்தின் பெயருக்குப் பதில் வெறும் குறி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒன்பது ஆமைகள் இந்நேரம் புதரடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அக்காவிடம் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எங்கள் தெருவில் யாரும் தட்டமாட்டார்கள், பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மறுபடியும்