எமானுவேலுக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்

மொன்றியல் மருத்துவமனைகளில் பத்தொன்பது வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஓர் ஆளைப் பற்றி எழுதுகிறேன். எழுதச் சொன்னதே அவர்தான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். எல்லோரும் கதைத்தது பிரெஞ்சில். அதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

1. படிவத்தில் இருந்த மொழி

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனையின் யூரோலொஜி என்ற சிறுநீர்ப்பாதை நோய்ப் பிரிவு. என் கையிலிருந்த படிவத்தில் "எமானுவேல் ஜோசப், வயது 54, மொழி: தமிழ்" என்றிருந்தது. மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அறைக்குள் இருந்தவர் பிரெஞ்சு பேசும் ஹெயிட்டியில் பிறந்த, ஆறடிக் கறுப்பினத்தவர். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவர். பெயரை வைத்து யாரோ மொழியை ஊகித்திருக்கிறார்கள்.

வரவேற்பு மேசைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பெண் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு பதிஞ்சிருக்கு, மேடம். உங்கட கையெழுத்து இல்லாட்டி கோப்பைத் திறக்க ஏலாது. நிப்பாட்டுறதெண்டால் ரெண்டு நாளைக்கு முன்னம் அறிவிச்சிருக்கவேணும்."

"அந்தாள் பிரெஞ்சு கதைப்பார், பிள்ளை."

"அதைப் பதிய இதில இடமில்லை."

போய் உட்கார்ந்தேன். இளம் டொக்டர் ஒருவர் வேகமாக வந்தார். எமானுவேலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே முதல் வசனத்தைச் சொன்னார். பழக்கதோஷத்தில் அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன். எமானுவேல் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையும் ஆட்டினார்.

"டொக்டர், ஒரு விசயம்..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, "முடிச்சிட்டுக் கேளுங்கோ" என்றார். பிறகு பத்து நிமிடம், மூச்சுவிடாமல், நான் அகராதியில் மட்டுமே பார்த்த சொற்கள். "கேள்வி இருக்கோ?" என்றார். எமானுவேல் இல்லையென்று தலையாட்டினார். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

2. நடைவழியில்

வெளியே வந்ததும் எமானுவேல் என்னிடம் கேட்டார்: "நீங்கள் ரெண்டாவது டொக்டரோ?"

"இல்லை. உங்களுக்கு மொழிபெயர்க்க வந்தனான். நான் கதைச்சது தமிழ்."

"ஓ. நான் அதை மருத்துவ பாசை எண்டு நினைச்சன்."

"விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே?"

"அவர் சொன்னதும் விளங்கேல்லை, நீங்கள் சொன்னதும் விளங்கேல்லை. எல்லாம் ஒரே பாசை எண்டு விட்டிட்டன்." பிறகு சட்டையைச் சரிசெய்தபடி கேட்டார்: "திங்கக்கிழமை வேலைக்குப் போகலாம்தானே? முதுகுநோவுக்கு ஏதும் பூசச் சொன்னவரோ?"

டொக்டர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியிருந்தது. புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புவரை பரவிவிட்டது. அந்த முதுகுநோவும் அதுதான். ஒரு வருடமாக முன்பதிவில்லாமல் போகும் வோக்-இன் கிளினிக்குகளில் நோவுக்குக் குளிசைதான் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் குடும்ப டொக்டர் இல்லை.

ஆனால் எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. நோயாளிக்கு நாங்களாக எதையும் விளக்கக் கூடாது. ஆகவே எமானுவேலையும் கூட்டிக்கொண்டு திரும்பிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"டொக்டர், மொழிபெயர்ப்பு இன்னும் முடியேல்லை."

3. பிரெஞ்சிலிருந்து பிரெஞ்சுக்கு

டொக்டர் ஒரு வசனம் சொன்னார். நான் அதைச் சின்னச் சின்னச் சொற்களாக்கி எமானுவேலிடம் சொன்னேன். மூன்றாவது வசனத்தில் டொக்டர் நிறுத்தினார்.

"மேடம், நீங்கள் இவரிட்டயும் பிரெஞ்சிலதான் கதைக்கிறியள்."

"ஓம்."

"இவருக்குப் பிரெஞ்சு தெரியுமோ?"

"உங்களைவிட முன்னமே இந்த ஊருக்கு வந்தவன்" என்றார் எமானுவேல்.

டொக்டர் சிவந்துபோனார். நல்ல பிள்ளைதான். கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு, முதலிலிருந்து தொடங்கினார். நோய் முற்றாகக் குணமாகாது. ஆனால் ஹோர்மோன் ஊசியும் குளிசைகளும் வருடக்கணக்கில் அடக்கி வைக்கக்கூடும். எலும்பு நோவுக்குக் கதிர்ச் சிகிச்சை இருக்கிறது. கறுப்பின ஆண்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட அதிகமாகவும், இளவயதிலும் வருகிறது. நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை பற்றி டொக்டரிடம் கேட்கவேண்டும். சகோதரர்களும் ஆண் பிள்ளைகளும் கட்டாயம்.

ஒவ்வொரு வசனம் முடியவும் எமானுவேல் என் முகத்தைப் பார்த்தார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

கடைசியில் டொக்டர் கேட்டார்: "வீட்டுக்குப் போய் மனுசியிட்ட என்ன சொல்லப்போறியள்?"

எமானுவேல் இம்முறை என்னைப் பார்க்காமல் டொக்டரிடமே சொன்னார்: "இது முதுகுநோவு இல்லை, கான்சர். போகாது. ஊசி போட்டால் படுத்துக் கிடக்கும்." பிறகு கைத்தொலைபேசியை எடுத்தார். "தம்பிக்கு இண்டைக்கே ரெலிபோன் எடுக்கவேணும்."

4. அதன் பிறகு

பிழையைத் திருத்த நான் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வந்தது: மொழியை மாற்ற நோயாளியே விண்ணப்பிக்கவேண்டும், கோப்பில் பதிந்துள்ள மொழியில். அதாவது எமானுவேல் தமிழில் கடிதம் எழுதவேண்டும்.

அவரிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். "விடுங்கோ, மேடம். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ரெண்டு மடங்கு நேரம் தருகினம். டொக்டரும் ஆறுதலாய்க் கதைக்கிறார்."

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்கு அவர் வர, நானும் வந்தேன். ஊசியால் உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் சூடு ஏறும். மைனஸ் இருபத்தைந்தில் அவர் பெனியனோடு பஸ் தரிப்பிடத்தில் நிற்க, ஒரு மனிதாபிமானி பொலிசுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். அந்தப் பொலிஸ்காரரும் கறுப்பினத்தவர். எமானுவேல் அவரிடம் வயதைக் கேட்டு, பிஎஸ்ஏயைப் பற்றி விளக்கித்தான் அனுப்பினாராம்.

தம்பிதான் கடினமான ஆள். நாற்பத்தேழு வயது. "எனக்கு ஒண்டும் நோகேல்லை, ஏன் ரத்தம் குடுக்கவேணும்?" என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார். எமானுவேல், தம்பி வேலை செய்யும் இடத்துக்கே லொறியோடு போய், "நோகத் தொடங்கினபிறகு போனவன் நான். என்னைப் பார். ஏறு" என்று கூட்டிவந்தார். தம்பிக்கும் இருந்தது. சுரப்பியைத் தாண்டவில்லை. வெட்டியெடுத்துவிட்டார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி தலையாட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பாதீர்கள். வீட்டில் போய் என்ன சொல்வார் என்று கேட்கும்படி டொக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பதில் சரியாக வரும்வரை, அவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும், உங்கள் வேலை முடியவில்லை.