லினக்ஸ் கடையில் என் பாஸ்புக்

இன்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் முருகன் டீ குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நீங்களே பிரிண்ட் எடுத்துக்கிடுங்க டீச்சர். பாஸ்வேர்ட் ஒன்னு ரெண்டு மூணு நாலு."

கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தால், போன மாதம் நான் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்த வங்கிப் பாஸ்புக்கின் ஸ்கேன் திரையிலேயே இருக்கிறது. பக்கத்தில் புளியங்குடி, சிவகிரிக்காரர்களின் ஆதார் அட்டைகள்.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். "இதையெல்லாம் அழிக்க மாட்டீங்களா?"

"அடுத்த தடவை ஒரிஜினல் கொண்டுவர வேண்டாம்லா?"

"பாஸ்வேர்டையாவது மாத்துங்க."

"கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தந்தவர் வச்சது டீச்சர். எல்லாக் கடைக்கும் இதான் வச்சிருக்காரு. லினக்ஸ்ல வைரஸே வராதுல்லா!"

லினக்ஸ் நல்லதுதான். போட்ட நாளில் இருந்தபடியே விட்டுவைத்தால் அது என்ன செய்யும்?

அரை மணி நேரம் வாதாடிப் பாஸ்வேர்டை மாற்றவைத்தேன். என் பாஸ்புக்கை நானே அழித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் கடை வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் முருகன்: "மக்கா, பாஸ்வேர்ட் இனிமே நாலு மூணு ரெண்டு ஒன்னு. நம்ம டீச்சர் பாஸ்புக் கைதவறி அழிஞ்சு போச்சு. யார்ட்டயாவது இருந்தா அனுப்புங்க."

இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். இருவரையும் எனக்குத் தெரியாது.

இன்னும் யாரிடமாவது இருந்தால், குரூப்பில் போடாமல் இங்கே சொல்லுங்கள்.