“தப்பு என்னுது” என்று சொன்ன தணிகாசலம் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். வல்லக்கோட்டையில் என் சமையல் கூடத்தில் சாம்பாரை இறக்கிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் தணிகாசலம் அண்ணனிடம் வேலை செய்யும் ஏழுமலையிடமிருந்து அழைப்பு வந்தது. கிளட்ச் மாற்றுவதற்காக என் பிக்கப் வண்டி முதல் நாளிலிருந்து அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றிருந்தது.

“அக்கா, அண்ணன் பூட்டாருக்கா.”

“எங்க போனாரு? வண்டி முடிஞ்சிதா?” என்று கேட்டேன்.

மறுமுனையில் ஏழுமலை வாய்விட்டு அழுதார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். “அழாத ஏழுமல, வண்டி போனா போவுது” என்று சொன்னதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒரகடம்–வாலாஜாபாத் சாலையில் டீசல் வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தணிகாசலம் அண்ணன் அன்று காலை காலமானார். வயது நாற்பத்தேழு. ஒன்பது மணிக்கு ஷட்டரைத் திறந்து, என் வண்டிக்கு அடியில் படுத்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, “மூச்சு ஒரு மாதிரியா கீதுடா” என்று சொல்லிவிட்டுப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறார். ஏழுமலை தண்ணீர் எடுத்து வருவதற்குள் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் மருத்துவமனையை அடைந்தபோது உயிர் இல்லை.

இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நேற்றுகூடப் பழக்கதோஷத்தில் அவர் எண்ணை அழுத்திவிட்டேன். முதல் மணி அடித்த பிறகுதான் உறைத்தது.

அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நான் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றவள். அந்த வேலை போன பிறகு, வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினேன். அண்டாக்களை ஏற்றிப் போக ஒரு பெரிய டீசல் பிக்கப்பைக் கடனில் வாங்கினேன். நானேதான் ஓட்டுகிறேன்.

இரண்டு வருடம் ஓடிய பிறகு வண்டி மக்கர் செய்தது. லோடு ஏற்றினால் இழுக்காது. மேம்பாலம் ஏறும்போது கரும்புகை கக்கும். முதலில் காட்டிய இடத்தில், டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டரை மாற்றினார்கள். நான்கு நாள் கழித்து அதே புகை. இரண்டாவது இடத்தில், இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போ போய்விட்டது என்றார்கள். மூன்றாவது இடத்தில், இன்ஜினையே பிரித்தாக வேண்டும் என்றார்கள். மூன்று இடத்திலும் ஒரு விஷயம் மாறவே இல்லை. நான் எதிரில் நின்றாலும், “சாருக்கு போனப் போட்டுக் குடும்மா” என்பார்கள். என் கணவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

இன்ஜினைப் பிரிக்கச் சம்மதித்து ஓட்டிப் போகும் வழியில்தான் தணிகாசலம் அண்ணனின் ஷெட்டைப் பார்த்தேன். போர்டுகூடச் சரியாக இல்லை. கடைசியாக ஒருவரிடம் கேட்டுவிடுவோம் என்று நிறுத்தினேன். அவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“யாரு ஓட்றது?”

“நான்தான்.”

“அப்ப நீங்கதாம்மா சொல்லணும். எத்தினி நாளா இப்பிடி? காலி வண்டில வருதா, லோடுல மட்டுமா? விசில் மாதிரி எதுனா கேக்குதா?”

விசில் சத்தம் எனக்குக் கேட்டிருந்தது. யாரும் அதைப் பற்றி விசாரிக்காததால் நானும் சொல்லவில்லை. உடனே பானெட்டைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவினார். பிறகு ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அடியில் பிடித்து, “குனிஞ்சி பாருங்க” என்றார். டர்போவிலிருந்து காற்று போகிற ரப்பர் குழாயின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. “லோடு ஏத்துனா காத்து இதுவழியா பூடுது. அதான் இழுக்கல” என்றார். வேறு எதையும் அவர் தொடவில்லை. புதுக் குழாய் போட்டு, அண்டாக்களோடு மேம்பாலம் ஏறியபோது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

இருந்தாலும், மூன்று இடத்தில் ஏமாந்தவளுக்கு நம்பிக்கை அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. அடுத்த சர்வீஸுக்கு விடும்முன், பழைய டீசல் ஃபில்டரில் யாருக்கும் தெரியாமல் என் மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். உண்மையிலேயே மாற்றுகிறாரா என்று பார்க்கத்தான். சாயங்காலம் போனால், பழைய ஃபில்டரைத் துடைத்துக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். பொட்டு மேலே தெரியும்படி வைத்திருந்தார்.

“அடுத்த வாட்டி வெள்ளக் கலர் வைங்கம்மா. செவப்பு, கிரீஸ்ல தெரியமாட்டேங்குது” என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. வெள்ளை நன்றாகத் தெரியும் என்று நிஜமாகவே யோசனை சொல்லியிருக்கிறார்.

அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிய வேண்டியது சென்ற கோடையில் நடந்த சம்பவம். முன் பிரேக்குக்குப் புது பேட் போட்டுக் கொடுத்திருந்தார். மறுநாள் மதியம் இருநூறு பேருக்கான சோற்றோடு வல்லம் வடகாலுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

“எங்கம்மா கீறீங்க? வண்டிய ஓரங்கட்டுங்க. இப்பவே.”

“அண்ணா, சோறு கீது. கம்பெனி கேட்டுக்கு அஞ்சே நிமிஷம்...”

“ஒரு அடி நவுரக்கூடாது. தப்பு என்னுது. நான் வந்துகினே இருக்கேன்.”

கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்தச் சாலையோரம், உச்சி வெயிலில் பைக்கில் வந்து இறங்கினார். சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று கையால் திருகியபடியே இருந்தது. ஸ்பானரே படவில்லை. விரலால் சுழற்றியே கழற்றிவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“நேத்து இத முடுக்கினு இருந்தப்ப ஒரு போன் வந்திச்சி. பேசிட்டு வந்து முடுக்கனனா இல்லியான்னு இன்னிக்கி சாப்புட உக்காந்தப்பத்தான் தோணிச்சி. ஞாபகம் வரல. அதான் போன் போட்டேன்.”

போல்ட்டை இறுக்கிச் சக்கரத்தை மாட்டி முடித்தபோது சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். கேட்டில் கான்ட்ராக்டர் என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கியதும், பின்னாலேயே வந்திருந்த அண்ணன் நடுவில் வந்து நின்றார். அங்கே பத்துப் பதினைந்து டிரைவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இவங்க மேல ஒண்ணும் இல்ல சார். நான்தான் மெக்கானிக். பிரேக்குல போல்ட்ட சரியா முடுக்காம வுட்டுட்டேன். தப்பு என்னுது.”

இதோடு இந்த மனிதரின் தொழில் முடிந்தது என்று நினைத்தேன். அவர் போன பிறகு இரண்டு டிரைவர்கள் என்னிடம் வந்து, “அந்த ஆளு ஒர்க்‌ஷாப் எங்கம்மா கீது?” என்று கேட்டார்கள். அவர்கள் வண்டிகள் இன்றுவரை அங்கேதான் வருகின்றன. வந்தன என்று எழுத வேண்டும். கை வரவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம். கியர்பாக்ஸை இறக்கி வைத்திருந்தார். பேசும்போது இடது தோளை இரண்டு முறை அழுத்திவிட்டுக்கொண்டார். “இன்னாண்ணா?” என்றேன். “ஒண்ணியும் இல்லம்மா, ஜாக்கிய இஸ்து இஸ்து வலி” என்றார். நானும் விட்டுவிட்டேன். வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் மாறினாலும் அன்றைக்கே அவரிடம் ஓடியவள் நான். “ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்கண்ணா” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கப்போவதில்லை.

புதன்கிழமை அடக்கம். அவர் மனைவி பவானி அழவே இல்லை. யார் வந்தாலும் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “காலைல ரெண்டு தோசதான் துன்னுட்டுப் போனாரு. இன்னும் ஒண்ணு வெக்கிறேன்னேன். வந்து துன்றேன்னாரு” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அதையே சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பவானி சொல்லி ஏழுமலை ஷட்டரைத் திறந்தார். பதினோரு வருடம் அண்ணனோடு வேலை செய்தவர். என் வண்டி அப்படியே பிரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டில், அண்ணன் கழற்றிய போல்ட்டுகள் கழற்றிய வரிசையிலேயே இருந்தன.

“அண்ணன் பாதில வுட்ட வேல. நான் மாட்டட்டாக்கா? இல்ல, வேற எங்கனா எடுத்துகினு போறீங்களா?”

“நீயே மாட்டு” என்றேன்.

ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து மாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ள நடுநடுவே எழுந்து போனார்.

மதியம் நெல் மூட்டை ஏற்றிய ஒரு பிக்கப் வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்த பெரியவர் இன்ஜினை நிறுத்தாமலே தலையை நீட்டினார்.

“தணிகாசலம் இல்லியா? முன்னால ஏதோ சத்தம் வருது. ரெண்டு எடத்துல ரெண்டு விதமா சொல்றானுங்க. இவரு சொன்னா செஞ்சிடலாம்னு வந்தேன்.”

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அண்ணன் செவ்வாக்கெழம தவறிட்டாருங்க.”

“இன்னாம்மா சொல்ற? போன வாரந்தான பேசனேன்!”

அவர் இன்ஜினை நிறுத்தினார். இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் ஊறிய அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றார். பிறகு ஏழுமலையிடம் வந்து, “நீ பாரு தம்பி” என்று சாவியை நீட்டினார். ஏழுமலை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

தணிகாசலம் அண்ணா, உங்களை வழியனுப்ப இன்னும் மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போய் வாருங்கள்.