பக்கத்தில் இருப்பவன்தான் சொல்லணும்

பிலோமினா போய்விட்டாள் என்று என் மச்சான் அந்தோணி போனில் சொன்னபோது நான் அசரவில்லை. எனக்கு முன்னமே தெரியும். அதற்கு முந்தின வியாழக்கிழமை, அவளுடைய பயிற்சி அறையில் அத்தனை பேர் முன்னிலையில் நான் சொன்னேன்: "தாயி, உன் வலது கை சரியில்ல. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போ." ஒரு தரம் அல்ல, மூன்று தரம் சொன்னேன். கேட்டால்தானே. பக்கவாதம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், ஞாயிறு காலைப் பூசைக்கு வரவில்லை. தனியாக இருப்பவள். மதியம்தான் பக்கத்து வீட்டார் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அதே வாதம். திங்கட்கிழமை முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், அவளிடம் நடக்கப் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் அந்த எட்டாவதில் என் கட்டுரையைத் தலைமை ஆசிரியரே வாங்கி மூன்று வகுப்பில் வாசித்துக் காட்டினார். ஆகவே எழுத்து எனக்குப் புதிது அல்ல.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போகும் தோணியில் நான் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். நாற்பது அடி அலையில் ஒற்றைக் கையால் சுக்கான் பிடித்தவன். என் மனைவி லூர்து இதைப் படித்துவிட்டுப் பதினைந்து அடி என்கிறாள். அவள் கரையில் இருந்தவள், அவளுக்கு என்ன தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், தோணியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை, நான் குடித்த டீ வாயின் இடது பக்கமாகச் சட்டையில் வழிந்தது. எதிரே அந்தோணி உட்கார்ந்திருந்தான். பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் ஏணியிலிருந்து நான் விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இடது கையும் காலும் போய்விட்டன. நாக்கு திரும்பி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏலே, பாத்தேல்லா, ஏன் சொல்லல?"

"ஏசுவீயன்னு பயந்துட்டேன் அத்தான்."

அன்றிலிருந்து அவனை விட்டேனா? கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றிலும் சொல்லிக் காட்டினேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் அவன் செய்த காரியம் புறா. வாதத்துக்குப் புறா ரத்தம் நல்லது என்று யாரோ சொல்ல, நான் வீடு திரும்பியதும் தினம் ஒரு புறா பிடித்துக்கொண்டு வந்தான். ரத்தம் கையிலே தேய்க்க, கறி எனக்குத் தின்ன. இப்படியே மூன்று வாரம். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து லூர்து பிலோமினாவை அழைத்துவந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, புறாக் கறிச் சட்டியைத்தான் பார்த்தாள்.

"எத்தன புறா ஆச்சு?"

"இருபத்தொண்ணு" என்றான் அந்தோணி பெருமையாக.

"இருபத்தொரு புறாவும் செத்துச்சு. இவிய வெரலு ஒண்ணாவது அசைஞ்சுதா?"

அந்தோணி என்னை உட்கார வைக்க இடது கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கையப் பிடிச்சு இழுக்காதீய. இடுப்புல தாங்குங்க." பிறகு என் தோளில் விரலை வைத்து அழுத்தினாள். எலும்புக்கும் குழிக்கும் நடுவில் ஒரு விரல் இறங்கியது. "பாத்தியளா, தோள் கழண்டு தொங்குது. வாதம் செஞ்சது பாதி. நீங்க பாசமா இழுத்து இழுத்துச் செஞ்சது மீதி." மூன்று வாரம் போச்சே, மூன்று வாரம் போச்சே என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பிடித்தது.

ஊரில் அவளைத் 'தடவி விடுற அம்மா' என்பார்கள். எலும்பு உடைந்தவனுக்கும் இடுப்பு பிடித்தவனுக்கும் பார்க்கிற ஆள் வேறு, இவள் மூளையும் நரம்பும் கெட்டுப்போனவர்களுக்கென்றே தனியாகப் படித்தவள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எண்ணெய்க் குப்பியோடு வருவார்கள். "எண்ணெயக் கொண்டுபோய் மீன் பொரிங்க" என்பாள். எனக்கு அவள் விளக்கியது இது: "அண்ணாச்சி, உங்க கை கெட்டுப் போகல. மூளையில இருந்து கைக்கு உத்தரவு வார வழி அடைபட்டுக் கெடக்கு. வேற வழி வெட்டணும். வெட்டுறது நீங்க. நான் தப்பா வெட்டாமப் பாத்துக்கிடுதவ, அவ்வளவுதான்."

வெட்டுவது எப்படி என்றால், நல்ல கையைக் கட்டிப் போடுவது. வலை இழுப்பவர்கள் போடும் தடித்த கையுறையை என் வலது கையில் மாட்டிவிட்டாள். ஒரு கிண்ணம் நிறையச் சோழி. இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். முத்துக் குளித்த பரம்பரை எங்களுடையது. என் பாட்டனார் ஒரே மூச்சில் அரை மணி நேரம் கடலடியில் கிடந்து சிப்பி அள்ளியவர். அவர் பேரனுக்குக் கிண்ணத்திலிருந்து ஒரு சோழியை எடுக்க அரை மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தேன்.

"சுக்கான் பிடிச்ச கை இது. சோழி பொறுக்கவா?"

அவள் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி மறுபடி என் முன்னால் வைத்தாள். "சுக்கான் அங்கனயே இருக்கட்டும், அது எங்கயும் போகாது. மொதல்ல உங்க சட்டைக்கு நீங்களே பட்டன் போடுங்க." அப்படியே லூர்து பக்கம் திரும்பினாள். "அக்கா, நாளையில இருந்து நீங்க போட்டுவிடக் கூடாது. கையப் பின்னால கட்டிட்டு நில்லுங்க. அழுதாலும் நில்லுங்க." அழுதது நான் இல்லை, லூர்து. நான் ஏசினேன்.

வியாழக்கிழமைதோறும் நோயாளிகளின் வீட்டாரையும் அறையில் உட்கார வைத்துப் பேசுவாள். முகம் கோணுதா, கை நழுவுதா, பேச்சு குழறுதா, இந்த மூன்றையும் பாருங்கள் என்பாள். "வாதம் வந்தவனுக்குப் பல நேரம் தெரியாது. நல்லாத்தான் இருக்கேம்பான். பக்கத்துல இருக்கவன்தான் சொல்லணும். ஏசுவான்னு பயப்படாதீய. ஏச்ச வாங்கிக்கிட்டே வண்டியில ஏத்துங்க. அஞ்சு நிமிசத்துல சரியாப் போனாலும் விடாதீய, அது பெருசு வாரதுக்கு முன்னால வார ஆளு." அந்த இடம் வரும்போதெல்லாம் நான் எழுந்து அந்தோணியைக் காட்டுவேன். "எல்லாரும் பாத்துக்கிடுங்க, இவன்தான் சொல்லாதவன்." எல்லோரும் சிரிப்பார்கள். பிலோமினா மட்டும் சிரிக்க மாட்டாள். "உக்காருங்க அண்ணாச்சி" என்பாள்.

இப்போது அந்தக் கடைசி வியாழன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன், பட்டன் திறந்தபடி. எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, ஆறு பட்டனையும் இரண்டு நிமிஷத்தில் போட்டுக் காட்டினேன். சரி, பத்து நிமிஷம். அவள் எனக்கு எதிரே டீத் தம்ளரோடு நின்றாள். ஐந்தாவது பட்டனில் தம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். விரல்கள் அதைத் தொட்டன, மூடவில்லை. இடது கையால் எடுத்துக்கொண்டு, "கை வேர்த்துட்டு" என்றாள். அந்த 'வேர்த்துட்டு' இழுத்தது. கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. அப்போதுதான் நான் சொன்னேன்: தாயி, உன் கை...

இந்தப் பக்கத்தை அந்தோணிதான் திருத்தி எழுதித் தருகிறான், என் எழுத்து பிழை நிறைந்தது. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டான்.

"அத்தான், நானும் அங்கனதான் நின்னேன்."

"நின்னா என்னலே?"

"நீங்க அப்படி ஒண்ணும் சொல்லல. பட்டனப் பத்தித்தான் பேசிட்டு இருந்தீய."

"அப்பம் நீ ஏன் சொல்லல?"

"நான் அவிய கையப் பாக்கல அத்தான். எல்லாரும் உங்க பட்டனத்தான பாத்துட்டு நின்னோம்."

அவன் குரலில் குத்தல் இல்லை. நாலு வருஷமாக நான் ஏசியதற்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைக்காது. கொடுக்கவில்லை.

சொல்லவில்லை. மூன்று தரமும் இல்லை, ஒரு தரமும் இல்லை. அந்த அறையில் அவள் கையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அது என்ன என்றும் எனக்குத் தெரியும், என் உடம்பிலேயே வந்ததாயிற்றே. ஆறாவது பட்டன் பாக்கி இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் எல்லோரும் அவள் பக்கம் திரும்பிவிடுவார்கள், என் சட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். முடித்தேன். அவள் கிட்டே வந்து பார்த்து, "ஆறாவது கோணலா இருக்கு அண்ணாச்சி, அடுத்த வாரம் நேராப் போட்டுட்டு வாங்க" என்றாள். ஒரு பாராட்டு இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் பத்தியை அடித்துவிடட்டுமா என்று அந்தோணி கேட்கிறான். வேண்டாம் என்றேன். ஒரு மாதமாக ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லித் திரிந்திருக்கிறேன். கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

அந்தச் சோழிக் கிண்ணம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அவள் சொன்னதும் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவன்தான் சொல்லணும் என்று. தினமும் சட்டைக்கு நானே பட்டன் போடுகிறேன், லூர்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆறாவது இன்னும் கோணல்தான். அலையின் உயரத்தையும் பாட்டனாரின் மூச்சையும் நீங்கள் வேண்டுமளவு குறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. அவளிடம் சொன்னேன் என்பதை மட்டும் நானே இட்டுக்கட்டினேன்.