ஜன்னலை அடைத்த கப்பல்

எங்கள் அத்தை கைபட வரைந்த கப்பலை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அது ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். படம் உள்பக்கம் பார்த்திருந்தது, வெளிப்பக்கம் வெறும் பலகை. குரங்கு வராமல் இருக்க அடித்தது என்று அங்கே வேலை செய்தவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் பாலக்கரையில் எங்களோடு இருந்தாள். பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அங்கேயே உட்கார்ந்து, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் நடந்த பொம்மைக் கம்பெனிக்குப் படம் வரைந்து கொடுப்பாள். அந்தக் கம்பெனியில் பொம்மையைப் பொம்மையாக விற்கமாட்டார்கள். மரத்துண்டுகளை அறுத்து இழைத்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, கூடவே பசைப் பொட்டலமும் எப்படி ஒட்டுவது என்று அச்சடித்த தாளும் வைத்து விற்பார்கள். வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து கப்பலோ விமானமோ ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒட்டி முடித்தால் அது கப்பல் மாதிரி இருக்குமா, செருப்பு மாதிரி இருக்குமா என்பது அவரவர் சாமர்த்தியம். ஆனால் பெட்டி மூடியில் இருந்த கப்பல் மட்டும் அலையைக் கிழித்துக்கொண்டு போகும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்கினார்கள்.

மூடியில் அத்தையின் பெயர் இருக்காது. அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். எங்கள் வகுப்பில் யார் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் அது எங்கள் அத்தை போட்ட படம் என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்களோடு நான் பேசுவதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மெட்ராஸில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு கம்பெனிக்குப் படம் வரைய ஆள் தேவை என்று தெரிந்து அத்தை ஒரு பெட்டி மூடியை அனுப்பியிருந்தாள். பதில் வந்தது. அச்சான மூடியைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது, அச்சகத்து ஆள் எல்லாவற்றையும் திரும்ப வரைந்துவிடுகிறான், உங்கள் கைபட வரைந்த அசலோடு திங்கட்கிழமை நேரில் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அத்தையிடம் ஒரு அசல்கூட இல்லை. அதுவரை வரைந்த ஐந்தையும் பொம்மைக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தாள். ஒரு படம் வரைய அவளுக்கு ஒரு மாதம் ஆகும். கடிதம் வந்ததோ வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அத்தைக்குப் பயமே கிடையாது. ஒரு விஷயம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அது ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது போலத்தான் நடப்பாள்.

கம்பெனி முதலாளி நெற்றி நிறையத் திருமண்ணோடு எழுந்து வந்தார். "வாங்கோ டீச்சர், உக்காருங்கோ" என்றார். அத்தை உட்காரவில்லை. அசல் படங்கள் எங்கே என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ரயில் என்ஜின் மதுரைக்குப் போன பார்சலில் பெட்டிகள் நசுங்காமல் இருக்க அடியில் வைத்து அனுப்பப்பட்டுவிட்டது. லாரியும் பஸ்ஸும் எங்கே போயின என்று யாருக்கும் நினைவில்லை. விமானம் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருந்தது. எட்டிப் பார்த்தேன், இறக்கை இருந்த இடத்தில் பாசி படிந்திருந்தது. தாள் நெளியாமல் இருக்க அத்தை தன் படங்களையெல்லாம் மெல்லிய ப்ளைவுட்டில் ஒட்டித்தான் வரைவாள். அந்த ஒழுங்குதான் அவற்றுக்கு எமனாக வந்தது.

"அச்சானப்புறம் அசலை வச்சுண்டு என்ன பண்றது டீச்சர்? நல்ல பலகையாச்சேன்னுதான் தூக்கிப் போடாம வச்சிருக்கோம்" என்றார் முதலாளி. அத்தையைப் பாராட்டுவதாகவே அவர் நினைத்தார்.

அத்தை ஜன்னலில் இருந்த கப்பலைக் காட்டினாள். "அது எனக்கு வேணுங்க."

"பேஷா எடுத்துக்கோங்கோ. ஆனா குரங்கு உள்ள வந்துடுமே."

அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சுத்தியலைக் கேட்டு வாங்கினாள். முக்காலியில் ஏறி ஆணிகளைப் பிடுங்கிக் கப்பலை இறக்கி என் கையில் கொடுத்தாள். தொட்டி மேலிருந்த விமானத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து, அதே ஜன்னலில் வைத்து நான்கு ஆணி அடித்தாள். "மனுசனுக்கு ஆகாது. குரங்குக்கு ஆகும்" என்றாள். வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அத்தையைப் பார்த்து எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

காவேரிப் பாலத்தில் பஸ் வரும்போது காற்று பலகையைப் பிடுங்கப் பார்த்தது. நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை பஞ்சால் மெல்ல ஒற்றித் தூசி எடுத்தாள். ஆணி ஓட்டைகள் தவிர ஒரு பழுதும் இல்லை. நாற்காலியில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். "இது போதும்டி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டதும் அத்தை தையற்காரரிடம் ரவிக்கை வாங்கப் போனாள். மறுநாள் மெட்ராஸில் போட்டுக்கொள்ள வேண்டியது. நானும் கப்பலும் தனியாக இருந்தோம். அப்போதுதான் அந்தப் படத்தில் இருந்த பெரிய குறை என் கண்ணில் பட்டது.

கப்பல் இருந்தது, கடல் இருந்தது. மேலே பாதிப் படம் வெறும் வானம். பெட்டி மூடியில் அந்த இடத்தில் 'கடல் ராணி' என்று சிவப்பில் பெரிய எழுத்து இருக்கும். இதில் இல்லை. ஒன்று வெயிலில் அழிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அத்தை மறந்திருக்க வேண்டும். அரைகுறைப் படத்தோடு மெட்ராஸுக்குப் போனால் மானம் போய்விடாதா? பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் வீட்டிலேயே இருக்கும்போது அப்படி நடக்க விடலாமா?

அப்பா சைக்கிளுக்கு அடிக்க வைத்திருந்த சிவப்புப் பெயிண்ட்டை எடுத்தேன். அளவுகோல் வைத்துப் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். எழுத்துகளுக்கு இடையே சமமாக இடம் விட்டேன். 'ணி'யின் மேல்விலங்கை அழகாக வளைத்தேன். இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல எழுத்துதான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பெட்டிக்குப் படம் போடுகிறவர்கள் எழுத்துக்கு என்று இடம் விட்டுத்தான் வரைவார்கள் என்பதும், எழுத்து அச்சகத்தில் வேறொருவர் சேர்ப்பது என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எப்படியும் மறையப் போகிற இடம் என்று அத்தை அந்த வானத்தைச் சும்மா விட்டிருக்கவில்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. மழைக்கு முந்திய அந்த மங்கல் நீலத்துக்காக அவள் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தை வந்தாள். ரவிக்கைப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஓர் எழுத்தின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தாள். சிவப்போடு நீலமும் சேர்ந்து வந்தது. துணியை மடித்து வைத்துவிட்டாள்.

"நேரா இருக்கா அத்தை?" என்று கேட்டேன்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நேராத்தான் இருக்கு" என்றாள்.

விஷயம் தெரிந்து அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "விடுங்கண்ணே. அவ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சா" என்று அத்தை குறுக்கே நின்றாள். கேட்காமல் சைக்கிள் பெயிண்ட்டை எடுத்ததற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு அப்பாமேல் வருத்தமாக இருந்தது.

அன்று மாலை அத்தை கப்பலைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்தாள். நான் வாசலுக்கே ஓடினேன்.

"என்ன சொன்னாங்க அத்தை?"

"எழுத்து யாரு எழுதினதுன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க அண்ணன் பொண்ணு, அஞ்சாவது படிக்கிறான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"சிரிச்சாங்க" என்றாள். என் தலையைத் தடவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று குளிக்கப் போனாள்.

அன்று வகுப்பில் என்னைப் பிடிக்க முடியவில்லை. என் எழுத்து மெட்ராஸ் வரைக்கும் போனது, பார்த்தவர்கள் யார் எழுதியது என்று விசாரித்தார்கள், கேட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார்கள் என்று ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ச் சொன்னேன். நான் பேசாமல் ஒதுக்கிவைத்திருந்தவர்களிடமும் சொன்னேன். வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் இருக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன்; அவள் ஒருதரம்கூடத் திருத்தவில்லை. மெட்ராஸில் அவர்கள் அத்தையிடம் கேட்டது அந்த ஒரே ஒரு கேள்விதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.